ஓவிய ஆர்டர்களை ஆன்லைனில் எங்கே எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது, ஒருவர் கேட்டு அவருக்காகவே வரைந்து கொடுக்கும் படங்களைப் பற்றி. பென்சில் உருவப்படம், கல்யாணப் பத்திரிகைக்கான கேரிக்கேச்சர், கேம் ஆடுபவர்கள் கேட்கும் கதாபாத்திர ஓவியம், வீட்டு நாயின் டிஜிட்டல் படம் எல்லாம் இதில் அடக்கம். முன்கூட்டியே வரைந்து வைத்து விற்பது வேறு கணக்கு. கட்டண விகிதங்கள் 2025 நிலவரம். தளங்கள் அவற்றை அடிக்கடி மாற்றுகின்றன, கடை திறக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை தளங்கள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

கடையைத் தேடும் முன் கல்லாவைத் தேடுங்கள். எந்தத் தளத்தில் கூட்டம் அதிகம் என்று பார்த்து உள்ளே போகிறவர்கள், இரண்டு மாதம் பக்கத்தை அலங்கரித்த பிறகுதான் பணம் எடுக்கும் பட்டியலில் தங்கள் நாட்டின் பெயரே இல்லை என்பதைப் பார்க்கிறார்கள்.

ஆகவே முதலில், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு எந்த வழியாக வந்து சேரும் என்று பாருங்கள். அடுத்து, வாடிக்கையாளரைக் கூட்டி வரப்போவது நீங்களா, தளமா? கடைசியாக, தகராறு வந்தால் அந்த நேரத்தில் பணம் யார் கையில் இருக்கும்? இந்த வரிசையில் யோசித்தால் பாதித் தளங்கள் தானாகக் கழிந்துவிடும்.

தமிழ்நாட்டு வாடிக்கையாளர்தான் என்றால் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், யுபிஐ போதும். வெளிநாட்டு வாடிக்கையாளர், உங்களுக்கு ஏற்கெனவே பின்தொடர்பவர்களும் உண்டு என்றால் கோ-ஃபை (ஆர்டர் எடுக்க உங்களுக்கென ஒரு பக்கம் தரும் தளம்) அல்லது பேபால் என்ற பணச் சேவை வழியாக நேரடியாக அனுப்பும் பில், அதாவது இன்வாய்ஸ். வெளிநாட்டு ஆர்டர் வேண்டும், ஆனால் உங்களை யாருக்கும் தெரியாது என்றால் ஃபைவர் (ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான சந்தைத் தளம்) அல்லது எட்ஸி (கைவினைப் பொருட்களுக்கான சந்தைத் தளம்). இந்த இரண்டும் அதிகம் பிடிப்பது, ஆள் கூட்டி வருவதற்கான கூலி.

பக்கத்தில் 'கமிஷன் ஓப்பன்' என்று போடலாமா?

வெளிநாட்டுக் கலைஞர் வட்டத்தில் அதுதான் வழக்கு. உள்ளூரில் போட்டால் குழப்பம்தான். தமிழில் கமிஷன் என்றால் தரகர் வாங்குவது. 'கமிஷன் எவ்வளவு?' என்று ஒருவர் கேட்டால், படத்தின் விலையைக் கேட்கிறாரா, ஆள் பிடித்துக் கொடுத்தால் தனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்கிறாரா என்று தெரியாது. 'ஆர்டர் எடுக்கிறோம்' என்று எழுதுங்கள். இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பணத்தை எப்படி வாங்குவது?

பெரும்பாலும் பேபால் அல்லது அதுபோன்ற பேயோனியர். ஸ்ட்ரைப் என்ற இன்னொரு பணச் சேவை 2024 முதல் இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்கு தருகிறது. அதனால் 'ஸ்ட்ரைப் வழியாக மட்டும் பணம் தருவோம்' என்று சொல்லும் தளத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

பேபால் கணக்குக்கு பான் எண்ணும், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கும் வேண்டும். பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழர்களுக்கு இங்கேதான் சிக்கல். இன்ஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்து பின்னால் என்று இருக்கும். முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்யுங்கள், பணம் நிற்கும்போது அல்ல. பணம் எதற்காக வருகிறது என்ற நோக்கக் குறியீட்டையும் கணக்கில் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும்.

இந்தியக் கணக்கில் பேபால் இருப்பைச் சேர்த்து வைக்க முடியாது, வந்த பணம் தானாக வங்கிக்குப் போய்விடும். வெளிநாட்டுப் பணத்துக்கு ஏறத்தாழ 4.4 சதவீதமும் 30 சென்ட்டும் பிடிப்பார்கள். அதற்கு மேல், ரூபாயாக மாற்றும்போது சந்தை விகிதத்தைவிட 3 முதல் 4 சதவீதம் குறைவாகக் கிடைக்கும். இந்த இரண்டாவது வெட்டு எந்த ரசீதிலும் கட்டணம் என்று தனி வரியாக வராது, அதனால் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்று. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது. கோயம்புத்தூர் வாடிக்கையாளர் சென்னை ஓவியருக்கு பேபாலில் அனுப்ப முடியாது. உங்கள் கோ-ஃபை பக்கம் பேபாலில் ஓடுகிறது என்றால், உள்ளூர்க்காரருக்கு அந்த இணைப்பைக் கொடுத்துப் பயனில்லை.

இலங்கையில் இருக்கிறேன். எனக்கு என்ன வழி?

இலங்கை பேபால் கணக்கில் பணம் செலுத்தலாம், பெற முடியாது என்ற நிலை நெடுங்காலமாக நீடிக்கிறது. அங்குள்ள ஃப்ரீலான்சர்கள் பெரும்பாலும் ஃபைவரையும் பேயோனியரையும் நம்பியிருப்பது இதனால்தான். பேயோனியரில் 12 மாதத்தில் வரும் தொகை அவர்கள் வைத்திருக்கும் வரம்புக்குக் குறைந்தால் ஆண்டுக் கட்டணம் 29.95 டாலர் பிடிப்பார்கள். மாதம் ஒன்றிரண்டு சிறு ஆர்டர் மட்டும் எடுப்பவருக்கு அது கனமான தொகை, விலை வைக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் உள்ள சித்தப்பாவின் பேபால் கணக்கில் வாங்கி அவர் வழியாக எடுப்பது பரவலான பழக்கம். வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் முடங்குவது அவருடைய கணக்கு, வருமானமும் அவர் பெயரில்தான் பதிவாகும். உறவு கெடாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த வழி வேண்டாம்.

இன்ஸ்டாகிராம் மட்டும் போதாதா?

உள்ளூர் ஆர்டருக்கு அதுவே பெரிய சந்தை. இடைத்தரகு இல்லை, யுபிஐக்குக் கட்டணமும் இல்லை, 2,000 ரூபாய் படத்துக்கு 2,000 ரூபாயும் கைக்கு வரும். ஆனால் விசாரிப்பு, விலை பேசுவது, முன்பணம், திருத்தம், முகவரி, நினைவூட்டல் எல்லாம் உங்கள் தலையில். 'ப்ரைஸ் ப்ளீஸ்' என்று வரும் 20 பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதினால் அன்றைக்கு வரைய நேரம் இருக்காது.

அதைக் குறைக்க, விலைப் பட்டியலை ஹைலைட்டில் நிரந்தரமாக வையுங்கள். ஏ4, ஏ3 அளவு. ஒரு முகம், இரண்டு முகம். சட்டத்துடன், சட்டமில்லாமல் என்று பிரித்துப் போடுங்கள். விலையை மறைத்து 'டிஎம் பண்ணுங்க' என்று எழுதினால் விசாரிப்பு கூடும், ஆர்டர் கூடாது. பேச்சு உறுதியானதும் வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றுங்கள். அதில் லேபிள் வசதி உண்டு: முன்பணம் வந்தது, ஸ்கெட்ச் அனுப்பியது, கூரியர் போட்டது என்று ஒட்டிக்கொண்டால் எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பதிவுகளில் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். 'பென்சில் ஸ்கெட்ச் மதுரை' என்று தேடுபவர் நிஜமாகவே வாங்க வருபவர்.

முகூர்த்த மாதங்களை ஒட்டிக் கேரிக்கேச்சர் ஆர்டர் ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை மார்கழியிலேயே அச்சுக்குப் போய்விடும் என்பதால் ஆர்டர் வருவது கார்த்திகையில். அந்த மாதத்தில் மற்ற வேலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

யுபிஐ பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய பணம் ஏதோ மோசடிச் சங்கிலியில் வந்ததாக இருந்தால், சைபர் குற்றப் பிரிவின் கடிதத்தின் பேரில் வங்கி உங்கள் கணக்கை முடக்கக்கூடும். சம்பளமும் வீட்டு வாடகையும் ஓடும் கணக்கு முடங்கினால் திண்டாட்டம். ஆர்டர் பேசிய உரையாடலையும் படத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால், அந்தப் பணம் எதற்கு வந்தது என்று காட்ட அதுதான் உதவும்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் ஆர்டர் தருகிறார்கள். அவர்கள் எப்படிப் பணம் அனுப்பலாம்?

'ஊர்ல இருக்கற தம்பி ஜிபே பண்ணிடுவான்' என்பதுதான் நடைமுறையில் அதிகம். படமும் ஊரிலுள்ள அம்மா வீட்டுக்குத்தான் போகிறது என்றால் இதைவிட எளிய வழி இல்லை. சிங்கப்பூர், அமீரகம், கனடா போன்ற சில நாட்டுத் தொலைபேசி எண்களை என்ஆர்ஐ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தவும் முடியும். அனுப்புபவரிடம் அந்தக் கணக்கு உள்ளதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பேபால் இன்வாய்ஸ்.

ஃபைவர் 20 சதவீதம் எடுக்கிறதே, அது அநியாயம் இல்லையா?

உங்களிடம் 20 சதவீதம். வாங்குபவரிடமும் தனியாக 5.5 சதவீதம், சிறு ஆர்டர் என்றால் அதற்கு மேல் ஒரு நிலையான தொகை. ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவரை ஃபைவருக்கு அனுப்பிவைத்தால் அது வீண்செலவு. முகம் தெரியாத ஒருவர் தேடி வந்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, நீங்கள் அதன்பிறகு வரையத் தொடங்குகிறீர்கள் என்றால் அந்த 20 சதவீதத்துக்கு ஒரு பொருள் உண்டு.

கட்டணத்தைவிட உறுத்துவது காத்திருப்பு. 1ஆம் தேதி ஆர்டர் வந்து 7ஆம் தேதி படத்தை ஒப்படைக்கிறீர்கள் என்று வையுங்கள். வாங்கியவர் எதுவும் சொல்லாவிட்டால் 3 நாள் கழித்து, 10ஆம் தேதி, ஆர்டர் தானாக முடியும். அங்கிருந்து 14 நாள் பணம் தளத்தில் நிற்கும். 24ஆம் தேதிதான் எடுக்க முடியும். உயர்நிலை விற்பனையாளர்களுக்கு இந்த 14 நாள் 7 ஆகக் குறைகிறது.

புதியவர்கள் தவறும் இடங்கள் இரண்டு. உரையாடலில் மின்னஞ்சலோ பேபால் முகவரியோ எழுதினால் தளம் எச்சரிக்கும், தொடர்ந்தால் கணக்கு போகும். இரண்டாவது, 'அன்லிமிடெட் ரிவிஷன்' என்று கவர்ச்சிக்காகப் போடுவது. போட்டவர் வாக்குக்குக் கட்டுப்பட்டவர். பத்தாவது திருத்தத்தில் மறுத்தால் ஒற்றை நட்சத்திரம் விழும், கேன்சல் செய்தாலும் அது உங்கள் கணக்கில் கறையாக நிற்கும்.

கோ-ஃபை, விஜென் எப்படி?

கோ-ஃபை ஆளைக் கூட்டி வராது, கடை வாசலை மட்டும் தரும். இலவசக் கணக்கில் ஆர்டர் தொகைக்கு 5 சதவீதம், மாதச் சந்தா கட்டும் கோல்ட் கணக்கில் தளக் கட்டணம் இல்லை. பணம் தளத்தில் தங்காமல் நேராக உங்கள் பேபாலுக்கு வருவது இதன் பெரிய வசதி. அதே காரணத்தால், தகராறு வந்தால் நடுவில் நின்று தீர்ப்பவர் கோ-ஃபை அல்ல, பேபால். எத்தனை ஆர்டர் வரை எடுப்பது என்று இடங்களை வரையறுக்கலாம். அதை அவசியம் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரே இரவில் 15 பேர் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள்.

விஜென் அனிமே பாணி, விடியூபர் மாடல் (முகத்துக்குப் பதில் வரைந்த உருவத்தோடு வீடியோ போடுபவர்களுக்கான உருவம்), ஸ்ட்ரீமர் எமோட் (நேரலை சாட்டில் போடும் சின்னப் படம்) வரைபவர்களுக்கான இடம். தளக் கட்டணம் 5 சதவீதம். ஓவியராகச் சேர அழைப்புக் குறியீடோ விண்ணப்பமோ வேண்டும். உங்கள் பாணி அந்த வகை இல்லையென்றால் குறியீட்டுக்கு அலைவதில் அர்த்தமில்லை. தத்ரூபமான பென்சில் முகங்களை அங்கே தேடி வருபவர் குறைவு.

எட்ஸியில் ஆர்டர் படம் விற்கலாமா?

விற்கலாம். 'புகைப்படத்திலிருந்து உருவப்படம்' என்ற வகை அங்கே நன்றாகப் போகிறது, ஏனென்றால் எட்ஸிக்கு வருபவர் பரிசு தேடி வருபவர். ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், அது 4 மாதம் நிற்கும். விற்றால் 6.5 சதவீதம். அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, நாணயம் மாறினால் 2.5 சதவீதம் தனி.

எட்ஸி வெளித்தளங்களில் செய்யும் விளம்பரத்தைக் கிளிக் செய்து ஒருவர் வாங்கினால் இன்னும் 15 சதவீதம் போகும். ஆண்டு விற்பனை 10,000 டாலரைத் தாண்டாத கடைகள் இதை அமைப்புகளில் அணைத்துவிடலாம். திறந்த அன்றே அணையுங்கள், பிறகு மறந்துபோகும். புதுக் கடைகளை அடையாளச் சோதனைக்காக நிறுத்திவைப்பதும் உண்டு, பான் ஆவணம், வங்கி விவரம் எல்லாம் ஒரே பெயரில் தயாராக இருக்கட்டும்.

50 டாலர் ஆர்டரில் கைக்கு எவ்வளவு வரும்?

பேபால் இன்வாய்ஸ் நேரடியாக அனுப்பினால் 2.50 டாலர் கழிந்து 47.50. ரூபாயாகும்போது 4 சதவீதம் போனால் 45.60 டாலர் மதிப்பு. கோ-ஃபை இலவசக் கணக்கு வழியாக வந்தால் இன்னொரு 2.50 கழிந்து 45, ரூபாயில் 43.20 டாலர் மதிப்பு. ஃபைவரில் 40, எடுக்கும் செலவு போக 39க்கு அருகில். எட்ஸியில் 3.45 கழிந்து 46.55, அதிலிருந்து பணப் பரிமாற்றச் செலவு போகும். வெளித்தள விளம்பரம் வழியாக வந்த ஆர்டர் என்றால் அதற்கு முன்பே 39.05 ஆகிவிடும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எல்லா இடத்திலும் ஒரே விலை வைக்காதீர்கள். கையில் 45 நிற்க வேண்டுமென்றால் ஃபைவரில் 58 வைக்க வேண்டும். 5, 10 டாலர் படங்களை பேபாலில் தனித்தனியாக வாங்குவதும் நஷ்டம்தான்: 5 டாலரில் அந்த 30 சென்ட் மட்டுமே 6 சதவீதம். சின்ன எமோட்களை ஐந்தாகக் கட்டி விற்பது அதனால்தான்.

டிவியன்ட்ஆர்ட், ஆர்ட்ஸ்டேஷன், ரெட்டிட், பேட்ரியான்?

ஆர்ட்ஸ்டேஷன் கேம், சினிமா நிறுவனங்கள் ஆள் தேடும் இடம். அங்கே பக்கம் வையுங்கள், குடும்பப் பட ஆர்டரை எதிர்பார்க்காதீர்கள். டிவியன்ட்ஆர்ட் 2000 முதல் உள்ள பழைய தளம். 2022 நவம்பரில் ட்ரீம்அப் என்ற ஏஐ கருவியைக் கொண்டுவந்தபோது கலைஞர்களிடையே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ரெட்டிட்டில் 'ஹங்ரி ஆர்ட்டிஸ்ட்ஸ்' போன்ற குழுக்களில் வாங்குபவரே தேவையையும் விலையையும் எழுதுவார், முதல் அரைமணி நேரத்துக்குள் தகுந்த மாதிரிப் படங்களோடு பதில் போட்டவருக்கே வாய்ப்பு. பேட்ரியான் மாதச் சந்தாவுக்கானது, ஒற்றை ஆர்டருக்குப் பொருந்தாது.

ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் கடை வைக்கலாம்?

காட்சிக்கு எத்தனை இடம் வேண்டுமானாலும். கல்லா மட்டும் அதிகபட்சம் இரண்டு: உள்ளூருக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று. நான்கு தளங்களில் ஆர்டரைத் திறந்து வைத்தால் எந்தத் தளத்தில் எத்தனை இடம் மிச்சம் என்று புதுப்பிக்க மறந்து, ஒரே வாரத்தில் எல்லாம் வந்து விழும். தாமதத்தை ஃபைவர் கணக்கு வைத்துத் தண்டிக்கும்.

முன்பணம் எவ்வளவு, எப்போது?

தளம் முழுப் பணத்தையும் பிடித்து வைக்கிறது என்றால் இந்தக் கேள்வி இல்லை. நேரடி ஆர்டரில் 50 சதவீதம் வாங்காமல் பென்சிலை எடுக்காதீர்கள். 1,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் முழுத் தொகையும் முன்கூட்டியே. தெரிந்தவர், அக்கம்பக்கம், ஆபீஸ் நண்பரின் மச்சான் என்றால்தான் முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கடைசியில் நிலுவை நிற்பதும் அங்கேதான்.

முதலில் ஸ்கெட்ச் அனுப்பி 'இந்த அமைப்பு சரி' என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கட்டத்தில் இரண்டு திருத்தம் இலவசம். வண்ணம் போட்ட பிறகு கை இருக்கும் விதத்தை மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம். இதை முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது. முழுமையான படத்தை 1,000 பிக்சல் அகலத்தில், குறுக்கே பெயர் போட்டு அனுப்புங்கள். மீதிப் பணம் வந்த பிறகு முழு அளவுக் கோப்பு: ஏ4 அச்சுக்கு 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல். ஏ3க்கு 3508க்கு 4961.

வாடிக்கையாளர் அனுப்பும் புகைப்படம் மங்கலாக இருக்கிறது. என்ன செய்வது?

ஆர்டர் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று கேளுங்கள். காலமான அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்த்து வரையச் சொல்பவர்கள் பெரும்பாலும் சுவரில் மாட்டிய படத்தை அப்படியே செல்போனில் எடுத்து அனுப்புவார்கள். மாலை, பொட்டு, கண்ணாடியில் தெரியும் டியூப்லைட் எல்லாம் சேர்ந்து வரும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வேறு கோணத்தில் இன்னும் இரண்டு படம் கேளுங்கள், தரம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தை வைத்து வரைந்தால் 'அப்பா மாதிரி இல்லையே' என்ற பதில்தான் வரும், அதற்கு எந்தத் திருத்தமும் போதாது. படம் போதவில்லை என்றால் முன்பணம் வாங்கும் முன்பே ஆர்டரை மறுத்துவிடுங்கள்.

மோசடியை எப்படி அடையாளம் காண்பது?

விலையே கேட்காமல் ஒப்புக்கொள்பவர், அவசரம் காட்டுபவர், கேட்டதைவிட அதிகமாக அனுப்புபவர். மூன்றில் ஒன்று இருந்தாலும் நிதானியுங்கள்.

வழக்கமாக நடப்பவை இவை. 'உங்கள் கணக்கு பிசினஸ் கணக்காக இல்லாததால் பணம் நிற்கிறது, இன்னும் இவ்வளவு கட்டினால் விடுவிக்கப்படும்' என்று பேபால் பெயரில் போலி மின்னஞ்சல் வரும். மின்னஞ்சலை நம்பாமல் செயலியைத் திறந்து பாருங்கள், அங்கே இல்லாத பணம் எங்கேயும் இல்லை. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி க்யூஆர் அனுப்பி, அதை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணைப் (PIN) போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி 'தவறுதலாக அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி விடுங்கள்' என்பது மூன்றாவது. மாதிரிப் படங்கள் என்று ஜிப் கோப்பு வந்து, உள்ளே படத்துக்குப் பதில் எஸ்சிஆர் என்று முடியும் கோப்பு இருந்தால் திறக்கவே கூடாது, அது கணினியைக் கைப்பற்றும் நிரல்.

பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நிஜ வாடிக்கையாளரிடமும் கவனம் தேவை. பேபாலில் பணம் கட்டியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். ஸ்கெட்சுக்குக் கொடுத்த ஒப்புதலையும் கோப்பு அனுப்பிய மின்னஞ்சலையும் அதுவரை அழிக்காதீர்கள்.

வரைந்த படத்தின் உரிமை யாருக்கு?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 இதில் பலரையும் திடுக்கிட வைக்கும். பணம் கொடுத்து ஒருவர் கேட்டதன் பேரில் வரைந்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். 'வரைந்தவருக்கே உரிமை' என்ற பொது விதி இங்கே தலைகீழ். அமெரிக்காவில் அப்படி அல்ல, எழுத்தில் மாற்றித் தராதவரை தனி ஓவியரிடமே நிற்கும். ஃபைவரிலோ, உங்கள் பக்கத்தில் வேறுவிதமாக எழுதவில்லை என்றால் உரிமை வாங்குபவருக்குப் போய்விடும்.

எனவே ஒரு வரி எழுதுங்கள்: 'பதிப்புரிமை ஓவியரிடம் இருக்கும், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம், மாதிரியாகக் காட்ட ஓவியருக்கு அனுமதி உண்டு.' வாடிக்கையாளர் அதற்குச் 'சரி' என்று எழுத வேண்டும். உரிமையை விற்கிறீர்கள் என்றால் காலத்தையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். பிரிவு 19இன்படி, காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்.

நடிகர் படம் கேட்டால் வரையலாமா?

ஒரு ரசிகரின் வீட்டுச் சுவருக்கு ஒற்றைப் படம் வரைவதால் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. அதையே டீஷர்ட்டில் அடித்து விற்கக் கேட்டால் விலகுங்கள். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடை விதித்தது. கார்ட்டூன், அனிமே கதாபாத்திரங்களை எட்ஸியில் பெயர் போட்டுப் பட்டியலிட்டால் உரிமையாளர் புகாரில் பட்டியல் நீக்கப்படும், அது தொடர்ந்தால் கடையும் மூடப்படும்.

ஜிஎஸ்டி, வருமான வரி?

டிஜிட்டல் ஆர்டர் சேவைக் கணக்கு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சட்டமிட்ட ஓவியத்தைப் பொருளாக அமேசான் போன்ற இந்தியத் தளங்களில் மாநிலம் தாண்டி விற்பதென்றால் தொகை சிறிதானாலும் பதிவு கேட்பார்கள். வருமான வரியில் இது தொழில் வருமானம், வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் ஐடிஆர் 1 என்ற வரிப் படிவம் போதாது, 3 அல்லது 4. பேபால் மாதந்தோறும் தரும் அந்நியப் பண வரவுச் சான்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

தாளில் வரைந்ததைக் கூரியரில் அனுப்புவது எப்படி?

பென்சில், சார்கோல் படங்களைச் சுருட்டாதீர்கள், ஒன்றோடொன்று உரசிக் கரி படியும். ஃபிக்ஸேட்டிவை (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) ஒரு அடி தூரத்திலிருந்து மெல்லியதாக இரண்டு முறை அடித்துக் காயவிட்டு, மேலே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, படத்தைவிட நான்கு பக்கமும் ஒரு அங்குலம் பெரிதான இரண்டு ஹார்ட்போர்டுகளுக்கு நடுவே ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளி உறைக்கும் பிளாஸ்டிக் வேண்டும். சட்டத்தோடு அனுப்பினால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட். கேன்வாஸில் அக்ரிலிக் ஓவியம் என்றால் காய்ந்த பிறகு வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி 4 அங்குல பிவிசி குழாய்க்குள் சுருட்டலாம். வெளிநாட்டு ஆர்டருக்கு முடிந்தவரை டிஜிட்டல் கோப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது: சுங்கம், தாமதம், காணாமல் போவது மூன்றும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

'இது ஏஐ போட்ட படம்' என்று வாடிக்கையாளர் சொன்னால்?

வேலையைத் தொடங்கும்போதே பதிவை ஓடவிடுங்கள். ப்ரோகிரியேட்டில் டைம்லாப்ஸ் தானாகவே பதிவாகிறது, தாளில் வரைபவர் கட்டத்துக்கு ஒரு புகைப்படம் எடுத்தால் போதும். லேயர் பிரித்த மூலக் கோப்பைத் திரையில் காட்டலாம், அனுப்ப வேண்டாம். விஜென் ஏஐ படங்களை அனுமதிப்பதில்லை, எட்ஸியோ ஏஐ பயன்படுத்தினால் பட்டியலில் தெரிவிக்கச் சொல்கிறது.

மூன்று மாதமாக ஒரு ஆர்டரும் வரவில்லை. தளத்தை மாற்றவா?

முதலில் பக்கத்தைப் பாருங்கள். பென்சில் முகம், மண்டலா, ஆயில் இயற்கைக் காட்சி, அனிமே எல்லாம் கலந்து கிடந்தால், வாங்க வந்தவருக்குத் தன் படம் எப்படி வரும் என்று தெரியாது. ஒரே வகையில் 8 முதல் 10 படம், மூலப் புகைப்படத்தோடு பக்கத்தில் வைத்து, அளவும் விலையும் நாளும் எழுதிப் போடுங்கள். ஆட்கள் விசாரித்துவிட்டு விலையைக் கேட்டதும் போய்விடுகிறார்கள் என்றால் வருபவர்கள் உங்கள் விலைக்கானவர்கள் அல்ல, அப்போது தளத்தை மாற்றலாம். விசாரிப்பே இல்லை என்றால் எந்தத் தளத்துக்குப் போனாலும் இதே பக்கத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவீர்கள்.